எந்த நூலைப் படிப்பது?

ஆசிரியனைத் தேடி வரும் கேள்விகள் இரு வகைப்படும். சில கேள்விகள் நாம் அறிந்ததை மாணவருக்கு எடுத்துரைக்க வாய்ப்பளிக்கும். வேறு சில, நாம் அறியாததை நமக்கே காட்டிக் கொடுத்துவிடும். முதல்வகைக் கேள்விகளால் நமக்குப் பெருமை வருகிறது. இரண்டாம் வகைக் கேள்விகளால்தான் நமக்கு அறிவு வருகிறது. அத்தகைய கேள்வி ஒன்று 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு மாலைப்பொழுதில் என் அலுவலக வாயிலில் வந்து நின்றது.

கேட்டவள் எங்கள் தமிழ்ப்பள்ளியின் பழைய மாணவி. லாரி ஓட்டுநர் ஒருவரின் மகள். எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்று, அருகிலிருந்த நகரத்து இடைநிலைப்பள்ளியில் ஆறாம் படிவ அறிவியல் பிரிவில் சேர்ந்திருந்தாள். அந்தக் குடும்பத்தில் ஆறாம் படிவத்தின் படியேறிய முதல் பிள்ளை அவள்.

"ஐயா, எந்தப் புத்தகத்தைப் படித்தால் இயற்பியல் விளங்கும்? வகுப்பில் கேட்கும்போது விளங்குவதுபோல் இருக்கிறது. வீட்டுக்கு வந்து கணக்கைச் செய்தால் வரமாட்டேன் என்கிறது" என்றாள்.

எனக்கு மறுமொழி தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வதற்குத் தலைமையாசிரியர் நாற்காலி இடம் கொடுக்கவில்லை. "கவலைப்படாதே அம்மா, நானே வாங்கித் தருகிறேன்" என்றேன். அந்த வார இறுதியிலேயே புத்தகக்கடைக்குச் சென்றேன். அடுக்கில் இருந்தவற்றுள் மிகத் தடித்த பயிற்சி நூலைத் தேர்ந்தெடுத்தேன். நூற்றுக்கணக்கான வினாக்கள், அத்தனைக்கும் விடைகள். ஒரு நற்பணியைச் செய்துவிட்ட நிறைவோடு அதை அவளிடம் கொடுத்தனுப்பினேன்.

2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முதற்பருவத் தேர்வின் முடிவுகள் வந்தன. இயற்பியலில் அவள் மிகவும் பின்தங்கியிருந்தாள். என்னைப் பார்க்க வந்தவள் குறைகூற வரவில்லை. நூலைத் திருப்பித் தந்து நன்றி சொல்லவே வந்திருந்தாள். "இரண்டு முறை முழுவதும் செய்து முடித்துவிட்டேன் ஐயா. எனக்கு அறிவியல் வராதுபோல் இருக்கிறது. நிறுத்திவிடலாம் என்று எண்ணுகிறேன்" என்றாள். நூலைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் எழுத்து. உழைப்பில் ஓர் அணுவளவும் குறை இல்லை. "உழைத்தால் உயரலாம்" என்று காலைக் கூட்டங்களில் நான் ஆண்டுக்கணக்கில் முழங்கிவந்த சொற்கள் அந்தப் பென்சில் எழுத்துகளின் முன்னே கூசி நின்றன.

அப்போது என் நெஞ்சில் நெடுங்காலமாக உறங்கிக் கிடந்த ஒரு வினா எழுந்தது. அவளிடம் கேட்டேன்: "ஒரு பந்தை நேராக மேலே எறிகிறாய். அது உச்சியை அடைகின்ற அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் எவ்வளவு?"

முடுக்கம் என்ற சொல் அவளுக்கு விளங்கவில்லை. "பெச்சுத்தான்" என்று மலாயில் சொன்னேன். உடனே, "சுழியம் ஐயா. ஹலாஜு சுழியம் ஆகிவிடுகிறதே, அதனால் பெச்சுத்தானும் சுழியம்தான்" என்றாள்.

அதே விடை! முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் நான் சொன்ன அதே விடை. 1989ஆம் ஆண்டில் எஸ்.டி.பி.எம். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் ஆசிரியர் வகுப்பில் இக்கேள்வியைக் கேட்டார். நான் எழுந்து சுழியம் என்றேன். வகுப்பே சிரித்தது. "தவறு" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த பாடத்திற்குச் சென்றுவிட்டார். ஏன் தவறு என்று அவரைக் கேட்க எனக்கு நாணம். பள்ளி நூலகத்தில் நெல்கன், பார்க்கர் இருவரும் எழுதிய தடித்த ஆங்கில இயற்பியல் நூல் ஒன்று இருந்தது. வகுப்பில் மலாய், நூலில் ஆங்கிலம், சிந்தனையில் தமிழ் என்று மும்முனைப் போராட்டம் நடத்திய எனக்கு அந்நூலைத் திறக்கவே அச்சம். நண்பர்களின் விடைகளைப் படியெடுத்து மனப்பாடம் செய்தேன். இயற்பியலில் எனக்குத் துணைத் தேர்ச்சிக்கு மேல் கிட்டவில்லை. பிறகு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தேன், ஆசிரியனானேன், தலைமையாசிரியனும் ஆனேன். ஆனால் அந்த விடை தவறு என்பது மட்டுமே எனக்குத் தெரியும். ஏன் தவறு என்பது அன்றுவரை தெரியாது.

அந்த மாணவியிடம் இதை மறைக்கவில்லை. "எனக்கும் தெரியாது அம்மா. அடுத்த சனிக்கிழமை வா. அதற்குள் தேடிப் பார்க்கிறேன். அதுவரை நிறுத்துகின்ற பேச்சை எடுக்காதே" என்றேன்.

அந்த ஒரு வாரத்தில் நான் கற்றுக்கொண்டவை பல. முதலாவதாக, எதைப் படிப்பது என்பதற்கு முன்னால், எதுவரை படிப்பது என்பதை அறியவேண்டும். மலேசியத் தேர்வு மன்றம் ஒவ்வொரு பாடத்திற்கும் பாடத்திட்டத்தை வெளியிட்டுள்ளது. 2012ஆம் ஆண்டு முதல் ஆறாம் படிவப் படிப்பு மூன்று பருவங்களாகப் பகுக்கப்பட்டது. இயற்பியலில் முதற்பருவம் இயக்கவியலும் வெப்ப இயக்கவியலும். இரண்டாம் பருவம் மின்னியலும் காந்தவியலும். மூன்றாம் பருவம் அலைவு, அலை, ஒளி, நவீன இயற்பியல். கணிதத்திலோ முதலில் இயற்கணிதமும் வடிவியலும், அடுத்து நுண்கணிதம், இறுதியில் புள்ளியியல். மாணவர் என்னென்ன செய்ய வல்லவராக இருத்தல் வேண்டும் என்று பாடத்திட்டம் தலைப்புதோறும் குறித்திருக்கிறது. நானோ அதைப் பாராமலேயே நூல் வாங்கச் சென்றிருந்தேன். அளவெடுக்காமல் சட்டை தைத்தவனின் கதைதான் என் கதை.

இரண்டாவதாக, விளக்கும் நூல் வேறு, வினவும் நூல் வேறு என்பதை உணர்ந்தேன். நான் வாங்கித் தந்தது வினவும் நூல். விடை சரியா, தவறா என்று அது சொல்லும். ஏன் என்று சொல்லாது. விளக்கும் நூல்களைத் தேடியபோது, அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஓப்பன்ஸ்டாக்ஸ் என்னும் அமைப்பு, பல்கலைக்கழக இயற்பியலையும் நுண்கணிதத்தையும் மும்மூன்று தொகுதிகளாக வெளியிட்டு, எவரும் கணினியில் இலவசமாகப் படிக்க வழிசெய்திருப்பதை அறிந்தேன். அவை நம் பாடத்திட்ட வரிசையில் அமைந்தவை அல்ல; வேண்டிய இயல்களைத் தெரிந்தெடுக்க வேண்டும். ஆயினும் ஒரு கருத்து எங்கிருந்து பிறக்கிறது என்று படிப்படியாகக் காட்டுகின்றன.

மூன்றாவது கண்டுபிடிப்புதான் என்னை நெகிழச் செய்தது. தமிழ்நாட்டு அரசு 2018இல் புதிய பாடத்திட்டத்தின்படி வெளியிட்ட பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் பாடநூல், தமிழ்வழியில், விலையின்றிப் பதிவிறக்கக் கிடைத்தது. அதில் திசைவேகம் என்ற சொல்லைக் கண்டேன். நெடுநேரம் அச்சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். மலாயில் ஹலாஜு என்பது ஹாலா, லாஜு என்னும் இரு சொற்களின் சேர்க்கை. ஹாலா என்றால் திசை. லாஜு என்றால் வேகம். திசையும் வேகமும் சேர்ந்தது திசைவேகம்! இரு மொழிகளும் ஒரே பொருளை ஒரே வகையில் கட்டியிருக்கின்றன. ஆறாம் படிவத்தில் நூறு முறை எழுதிய சொல்லுக்குள் அதன் இலக்கணமே ஒளிந்திருந்ததை நான் காணவில்லை. ஓடுகளை எண்ணினேனே தவிர உள்ளிருந்த பருப்பைச் சுவைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பள்ளி நூலகத்தில் இருவரும் அமர்ந்தோம். கரும்பலகையில் ஓர் அட்டவணை வரைந்தேன். பந்து நொடிக்கு 19.62 மீட்டர் வேகத்தில் மேல்நோக்கி எறியப்படுகிறது. ஈர்ப்பு முடுக்கம் 9.81. காற்றின் தடையை விட்டுவிடுவோம். ஒரு நொடி கழித்துத் திசைவேகம் 9.81. இரண்டு நொடி கழித்துச் சுழியம். மூன்றாம் நொடியின் முடிவில் கீழ்நோக்கி 9.81. ஒவ்வொரு நொடியிலும் திசைவேகம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று கேட்டேன். "9.81தான் ஐயா, எல்லா நொடியிலும்" என்றாள். சற்று நேரம் பேசவில்லை. பிறகு சட்டென நிமிர்ந்தாள். "ஐயா! முடுக்கம் என்பது திசைவேகம் மாறுகின்ற வீதம் அல்லவா? உச்சியில் அதுவும் சுழியமாகிவிட்டால் பந்து கீழே விழாமல் மேலேயே நின்றுவிடுமே!"

முப்பது ஆண்டுக் கேள்விக்கு என் மாணவி எனக்கு விடை சொன்னாள். அன்று அந்த நூலகத்தில் யார் ஆசிரியர், யார் மாணவர் என்று கேட்டால் என்னால் சொல்ல இயலாது.

இங்கே என் நெஞ்சை உறுத்திய செய்தி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2003ஆம் ஆண்டில் நம் நாட்டில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தொடங்கியது. 2012ஆம் ஆண்டு முதல் அது படிப்படியாகக் கைவிடப்பட்டது. 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தது. அம்மாணவி 2007 முதல் 2012 வரை எங்கள் பள்ளியில் பயின்றவள். தமிழ்ப்பள்ளியில் பயின்றும் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்றாள். இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறினாள். ஆறாம் படிவத்தில் மீண்டும் ஆங்கில நூல்களைச் சந்தித்தாள். முடுக்கம், உந்தம், வகையீடு, தொகையீடு என்னும் சொற்கள் அவள் செவியில் விழுந்ததே இல்லை. ஆறாண்டுகள் எங்கள் கூரையின்கீழ் இருந்த பிள்ளைக்கு அவற்றை நாங்கள் கொடுத்தனுப்பவில்லை. திட்டத்தைக் குறைசொல்லித் தப்பித்துக்கொள்வது எளிது. ஆனால் ஒரு சொல்லைச் சொல்லிக்கொடுக்க எந்தத் திட்டமும் தடையாக இருக்கவில்லை.

அதன்பின் சனிக்கிழமைதோறும் வந்தாள். ஒரு குறிப்பேட்டை மூன்று பத்திகளாகப் பிரித்து, ஆங்கிலச் சொல், மலாய்ச் சொல், தமிழ்ச் சொல் என எழுதினாள். ஏட்டின் பின்பக்கத்தில் தான் செய்த தவறுகளை எழுதினாள். விடையை மட்டும் திருத்தாமல், எவ்விடத்தில், என்ன எண்ணியதால் தவறு நேர்ந்தது என்றும் குறித்தாள். பந்தின் உயரத்தைக் காலத்தின் சார்பாக எழுதி ஒருமுறை வகையிட்டால் திசைவேகமும், மறுமுறை வகையிட்டால் முடுக்கமும் வருவதைக் கண்ட நாளில், "கணிதப் பாடமும் இயற்பியல் பாடமும் ஒன்றுதானா ஐயா!" என்று வியந்தாள். இரு பாடங்களையும் இரு தனித்தனிச் சுமைகளாகத் தூக்கி வந்தவளுக்கு அன்று பாதிச் சுமை இறங்கிற்று. நான் வாங்கித் தந்த பயிற்சி நூலும் வீண்போகவில்லை. கருத்து விளங்கிய பின்னர் மூன்றாம் முறை அதைச் செய்தாள். பழைய தேர்வுத்தாள்களை நேரம் வைத்து எழுதினாள். மருந்து நல்லதுதான், உணவுக்கு முன்னால் கொடுத்ததே என் பிழை.

மின்னியல் வந்தபோது என் கைவிளக்கின் எண்ணெய் தீர்ந்தது. ஓய்வுபெற்ற இடைநிலைப்பள்ளி இயற்பியல் ஆசிரியர் ஒருவரைத் தேடிச் சென்று வணங்கிக் கேட்டேன். அவர் மகிழ்ந்து உதவினார். "என்னை யாரும் கேட்கவில்லையே!" என்றார். நம் ஊர்தோறும் இத்தகைய பெரியவர்கள் கேட்பாரற்று இருக்கின்றனர். அச்சிடப்படாத நூல்கள் அவர்கள்.

முதற்பருவத் தாளை அவள் மறுபடியும் எழுதினாள். முதன்மைத் தேர்ச்சியோடு முடித்தாள். மிகச் சிறந்த தேர்ச்சி என்று சொல்லமாட்டேன். அவள் விரும்பிய பொறியியல் படிப்புக்கு அது போதவில்லை. அறிவியல் பட்டப்படிப்பில்தான் இடம் கிடைத்தது. எட்டு மாதங்களுக்கு முன்பே நான் சரியான வழியைக் காட்டியிருந்தால் நிலை வேறாக இருந்திருக்குமோ என்ற எண்ணம் இன்றும் எனக்கு உண்டு. அந்த எண்ணமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

ஆசிரியத் தோழர்களே, நம்மிடம் நூல் கேட்டு வரும் மாணவருக்குக் கடைவாசலைக் காட்டி அனுப்பாதீர்கள். பாடத்திட்டத்தைக் கையில் கொடுங்கள்; விளக்கும் நூல் ஒன்றைச் சுட்டுங்கள்; அதன் பிறகு பயிற்சி நூலுக்கு வாருங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, உடன் அமர்ந்து தேடுங்கள். மாணவச் செல்வங்களே, தேர்வு தமிழில் இல்லை என்பது உண்மை. தேர்வின் மொழியில் எழுதியே தீரவேண்டும். ஆனால் உங்களுக்கு விளங்குவது எந்த மொழியில் என்று தேர்வுத்தாள் கேட்பதில்லை. தாய்மொழியில் விளங்கிக்கொண்டு, தேர்வுமொழியில் எழுதப் பழகுங்கள்.

பல்கலைக்கழகத்திற்குப் புறப்படுமுன் அவள் என்னைக் காண வந்தாள். அந்தக் குறிப்பேட்டை என் மேசைமேல் வைத்தாள். "யாராவது எந்த நூலைப் படிப்பது என்று கேட்டு வந்தால் இதைக் கொடுங்கள் ஐயா" என்றாள். இன்று அது எங்கள் பள்ளி நூலகத்தில் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும் முதல் தவறு, மேலே எறிந்த பந்தைப் பற்றியது. அதற்குக் கீழே, அவள் இசைவோடு, என் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "இதே தவறை 1989இல் நானும் செய்தேன்."