துத்தநாகம் போன வழி

உடைந்த ஷவர் வால்வின் கழுத்தை வெயிலில் திருப்பிப் பார்த்தேன். வெளியே குரோம் மினுக்கு. முறிந்த வாயின் ஓரத்தில் பித்தளை மஞ்சள். தண்ணீர் பட்ட உட்புறம் மட்டும் இளஞ்சிவப்பு. பித்தளையில் செம்போடு துத்தநாகமும் உண்டல்லவா? எங்கள் ராமேஸ்வரத்துப் போர் தண்ணீர் உப்பு, துத்தநாகத்தை மட்டும் கரைத்துக்கொண்டு போயிருக்கிறது, பூட்டை உடைக்காமல் நகையை மட்டும் எடுத்துப்போகிற தேர்ந்த திருடன் மாதிரி. மிச்சம் நின்ற செம்பு, நகத்தால் கீறினாலே உதிர்கிறது.

மண்டபம் ஊரில், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரிமான ஆய்வு நிலையம் இருக்கிறது. உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் நிறுத்தி, அவை அரிபடுவதை அளக்கிறார்கள். துருப்பிடிப்பதைப் பார்க்கச் சம்பளம்! எங்கள் தெருவில் எல்லோரும் அதைச் சும்மாவே செய்கிறோம். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலமே இந்தக் காற்றுக்குத் தோற்று, 2022 டிசம்பரோடு ரயிலைக் கைவிட்டது.

புது வால்வு வாங்கச் சொன்னார்கள். எனக்கு முரண்டு. ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிற தம்பி ஒருவர் செம்புக் குழாய்த் துண்டோடு வந்தார். ரப்பர் வாஷரைக் கழற்றினார். சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வடித்தார்; ஈரம் இருந்தால் சூடு ஏறாது, பற்றும் பிடிக்காது. அரித்ததை அறுத்தெறிந்து, நல்ல பித்தளை தெரியத் தேய்த்து, செம்புத் துண்டை அதில் பொருத்தி, நவச்சாரம் தூவிச் சூடு காட்டினார். பற்றாசுக் கம்பியை நெருப்பில் நீட்டாமல் இணைப்பில் தொட்டார். 190 டிகிரிக்குள் உருகுகிற சரக்கு. இடுக்குக்குள் தானே இழுபட்டு ஓடியது. காரீயம் கலந்த பற்றுதான். குடிதண்ணீர்க் குழாயாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

நவச்சாரப் புகை மூக்கில் ஏறியதும், ராமநாதபுரத்தில் அப்பத்தா வீட்டு வாசலுக்கு வரும் ஈயம் பூசுகிறவர் வந்துவிட்டார். வேப்பமரத்தடியில் குழி தோண்டித் துருத்தியைப் பதிப்பார். அண்டாவுக்குள் மணலைப் போட்டு ஏறி நின்று, இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பிக் காலாலேயே தேய்ப்பார். அந்த ஆட்டத்தைப் பார்க்கத்தான் நாங்கள் காத்திருப்போம். பிறகு கரி நெருப்பு, வெண்புகை, எங்கள் இருமல். வெள்ளீயத்தைத் தொட்டுப் பஞ்சால் ஒரு சுற்றுத் துடைத்தால், பாத்திரத்தின் உள்ளே நிலா வெளிச்சம்.

அப்பத்தா அசரமாட்டார். வெள்ளைத் துணியால் உள்ளே அழுத்தித் தேய்த்து, கறுப்பு ஒட்டுகிறதா என்று பார்ப்பார்.

"காரீயம் கலந்தியாய்யா?"

"சத்தியமா இல்லைங்க ஆத்தா."

"சரி. நாளைக்கு இதுல ரசம் வச்சுக் குடிப்பேன். உசுரோட இருந்தா வந்து காசு வாங்கிக்க."