ஊரெல்லாம் ஒரே பெயர்

பிள்ளை பிறந்த வீட்டில் முன்பெல்லாம் பெரியவர்கள் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "யார் பெயரை வைக்கப் போகிறீர்கள்?" என்பதே அது. இன்றைய இளம் பெற்றோர் தமக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி வேறு. "இந்தப் பெயர் வேறு யாருக்காவது இருக்கிறதா?" என்கின்றனர். முன்னதற்கு ஒருவர் இருக்கிறார் என்று விடை வந்தால் மகிழ்ச்சி. பின்னதற்கு ஒருவரும் இல்லை என்று விடை வந்தால்தான் மகிழ்ச்சி. இரண்டு தலைமுறைக்குள் பெயர் பற்றிய எண்ணம் இப்படித் தலைகீழாக மாறிவிட்டது.

பேரன் என்னும் சொல் பெயரன் என்பதன் திரிபு. பாட்டன் பெயரைத் தாங்கி வருபவன் என்பது பொருள். பெயர்த்தி பேர்த்தியானதும் அவ்வாறே. ஆகவே ஒரு பெயர் குடும்பத்தில் மீண்டும் மீண்டும் வருவது குறையாக அல்ல, உறவின் இலக்கணமாகவே கருதப்பட்டது. உடன்பிறந்தார் மூவர் தத்தம் தலைமகனுக்குத் தந்தையின் பெயரையே இட்டால், ஒரே வீட்டுத் திண்ணையில் மூன்று வேலாயுதங்கள் விளையாடுவர். அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மாமனார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லலாகாது என்பது வழக்கம். எனவே பெற்ற மகனைப் பெயர் சொல்லி அழைக்க முடியாத தாய்மார் எத்தனையோ பேர். "பெரியவனே", "ஐயா", "தம்பி" என்றே காலத்தைக் கழித்தனர். பெயர் ஒன்று, அழைப்பது வேறொன்று. குழந்தைகள் அதனால் குறைந்துபோய்விடவில்லை.

மலாயாத் தோட்டப்புறங்களில் இந்த நிலை இன்னும் விரிந்து காணப்பட்டது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் கிராணி பெயர் கூப்பிடுவார். "முனியம்மா" என்றால் நான்கு குரல்கள் எழும். அதனால் நெட்டை முனியம்மா, மூன்றாம் லயத்து முனியம்மா, மாட்டுக்கார வீட்டு முனியம்மா என்று தோட்டமே அடைமொழி கொடுத்துப் பிரித்து வைத்தது. மாரியம்மன் கோயில் இல்லாத தோட்டம் அரிது. ஆதலால் மாரிமுத்துவும் மாரியாயியும் இல்லாத லயமும் அரிது.

இப்பெயர்களைப் பாமரப் பெயர்கள் என்று ஒதுக்கிவிடுவோர் அவற்றுள் கிடக்கும் செய்தியைக் காண்பதில்லை. சுடலைமுத்து, பேச்சியம்மாள் என்றால் அக்குடும்பம் நெல்லைச் சீமையிலிருந்து கப்பலேறியிருக்கக் கூடும். அங்காயி, பச்சையம்மாள் என்றால் ஆர்க்காட்டுப் பக்கம் நினைவுக்கு வரும். கருப்பையா என்றால் புதுக்கோட்டை, இராமநாதபுரம், மதுரை வட்டாரங்களை எண்ணத் தோன்றும். ஊர்ப்பெயரையே மறந்துவிட்ட மூன்றாம், நான்காம் தலைமுறையினர்க்கு, முன்னோர் எங்கிருந்து வந்தனர் என்பதற்கு எஞ்சியிருக்கும் தடயம் சில வேளைகளில் அந்தப் பெயர் ஒன்றே. 'பழைய பெயர்' என்று அதைக் கைவிடும்போது கூடவே கழிந்துபோவது இதுவும்தான்.

குப்பன், குப்பம்மாள், பிச்சை என்னும் பெயர்களை எடுத்துக்கொள்வோர் இன்று இல்லை என்றே சொல்லலாம். அவை இழிவுக்காக இடப்பட்டவை அல்ல. அடுத்தடுத்துப் பிறந்த குழந்தைகளைப் பறிகொடுத்த தாய், பிறகு பிறந்த பிள்ளையைக் குப்பைமேட்டில் ஒரு நொடி கிடத்தி எடுப்பாள். அல்லது பிறர் கையில் கொடுத்துத் தவிட்டுக்கு வாங்கிக்கொள்வாள். எவரும் வேண்டாத பொருள் என்று எண்ணிக் கூற்றுவன் விட்டுவிடுவான் என்பது நம்பிக்கை. ஒரு சிற்றூரில் ஐந்து குப்பம்மாள் இருந்தால், அங்கே இழப்பில் துவண்ட தாய்மார் எத்தனை பேர் என்று எண்ணிக்கொள்ளலாம். ஒரு பெயர் பலருக்கு இருப்பதன் காரணம் எப்போதும் சோம்பலோ கற்பனை வறட்சியோ அன்று.

இலக்கியம் கற்போர்க்கு இது புதிய செய்தி ஆகாது. சங்கப் புலவர் பெயர்ப் பட்டியலைப் பார்த்தாலே போதும். சாத்தனார் என்று ஒருவர் மட்டும் இருந்திருந்தால் 'மதுரைக் கூலவாணிகன்' என்றும் 'சீத்தலை' என்றும் அடைகள் தோன்றத் தேவை இல்லை. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று தந்தையின் தொழிலையும் சேர்த்துச் சொன்னதும், உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்று ஊரையும் சேரியையும் கூட்டியதும் பெயர்கள் பொதுவாக இருந்த காரணத்தால்தான். ஔவையார் என்னும் ஒரே பெயரில் வெவ்வேறு காலங்களில் வாழ்ந்த புலவர் பலர் உளர். செய்யுளை யாத்தவரின் பெயர் மறைந்துபோன இடத்தில், அவர் கையாண்ட தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்று வழங்கியதும் உண்டு. அவருக்குத் தாய் இட்ட பெயர் என்னவோ! இன்று எவருக்கும் இல்லாத தனிப்பெயர் வேண்டுமென்றால் அதைக் கொடுத்தது பெற்றோர் அல்லர், பாட்டு.

இலக்கண உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுக்கு ஓர் ஆள் வேண்டும் என்றால் சாத்தனையும் கொற்றனையும் அழைப்பர். வருவதும் போவதும் உண்பதும் உறங்குவதும் இவ்விருவரே. அக்காலத்தில் எங்கும் வழங்கிய பெயர்கள் ஆதலின் அவை நூலுள் புகுந்தன. பிற்காலப் பாடநூல்களில் இராமனும் கண்ணனும் வந்தனர். பின்னர்க் குமரனும் அமுதாவும் கவிதாவும் வந்து அமர்ந்தனர். இன்று பிள்ளைக்குச் சாத்தன் என்று பெயரிட முன்வரும் பெற்றோரைக் காண்பது அரிது. (ஒரு மாத்திரை நீண்டுவிட்டால் வேறு ஆளாகிவிடுவான் என்ற அச்சமும் காரணமாக இருக்கலாம்.) நாட்டில் மிகப் பெருகிய பெயரும் இப்படி அருகிவிடுகிறது. பலருக்கு இருக்கிறது என்று ஒரு பெயரைத் தள்ளுவோர், அந்தக் குழந்தை முதுமை எய்தும்போது அப்பெயர் எப்படி இருக்கும் என்பதை அறிய மாட்டார்.

சில பெயர்கள் ஒரு காலத்தின் ஆவேசத்தில் பெருகின. 1943ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்திறங்கினார். அதை ஒட்டிய ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகள் சிலர் சந்திரபோஸ் ஆனது இயல்பே. 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், 1929ஆம் ஆண்டின் இறுதியிலும் 1954இலும் பெரியார் ஈ. வெ. ரா. இந்நாட்டுக்கு மேற்கொண்ட வருகைகளும், 1952 முதல் கோ. சாரங்கபாணி முன்னின்று நடத்திய தமிழர் திருநாளும் வேறொரு பெயர் வரிசையைக் கொணர்ந்தன. இளங்கோ, அன்பழகன், தமிழ்ச்செல்வி, மணிமேகலை, கலைச்செல்வி என வகுப்பறைகள் நிறைந்தன. ஒரே வகுப்பில் மூன்று தமிழ்ச்செல்விகள் இருந்தது ஆசிரியருக்குத் தொல்லைதான். ஆயினும் ஒருவரை ஒருவர் அறியாத மூன்று வீட்டார், வெவ்வேறு ஊர்களில் இருந்துகொண்டு, தம் மகள் தமிழுக்குச் செல்வியாக வளர வேண்டும் என்று ஒரே நாளில் எண்ணியதன் விளைவு அது. அந்தத் தொல்லையை எந்த ஆசிரியரும் பொறுத்துக்கொள்ளலாம்.

பெயர் பெருகுவதால் இடர் ஒன்றும் இல்லை என்று சாதிப்பதும் முறையன்று. மருத்துவமனையில் ஒருவர் மருந்து மற்றொருவர் கைக்குப் போகக் கூடும். தேர்வுச் சான்றிதழில் குழப்பம் நேரலாம். தமிழருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாமையால், தன் பெயரும் தந்தை பெயருமே ஒருவர்க்கு அடையாளம். 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்னும் மலாய்த் தொடர்களின் சுருக்கத்தை நடுவில் இட்டுப் பதிவதும் அதற்காகவே. மகன் முருகனும் தந்தை மாரியப்பனுமாக இருவர் ஒரே ஊரில் வாழ்ந்தால் சிக்கல் தோன்றியே தீரும். சீனர் இதை வேறு வகையில் தீர்த்துக்கொண்டனர். அவர்களிடம் குடிப்பெயர்கள் குறைவு. பிள்ளைக்கு இடும் பெயர்ச் சேர்க்கைகளோ மிகப் பல. மலாய்க்காரர் முகம்மது, நூர் என்று பலருக்கும் பொதுவாக அமையும் முதற்பெயரை அடுத்து மற்றொரு பெயரை வைத்து அதனால் அழைக்கின்றனர்.

ஆனால் மலேசியாவில் இவ்விடரின் பெரும்பகுதி நீங்கி நெடுங்காலம் ஆயிற்று. 1990 முதல் அடையாள அட்டையில் 12 இலக்க எண் வழங்குகிறது. பிறந்த நாளைக் காட்டும் ஆறு இலக்கங்கள், பிறந்த இடத்துக்கு இரண்டு, பின்னர் நான்கு. அந்த எண் மற்றொருவருக்கு இராது. ஆளைப் பிரித்துக் காட்டும் அலுவலக வேலையை எண் ஏற்றுக்கொண்டது. பெயருக்கு எஞ்சியது அதன் பழைய வேலை, அதாவது ஒருவர் மற்றொருவரை அழைப்பது. இந்த நிலையில், எண் செய்ய வேண்டியதைப் பெயரைக்கொண்டு செய்ய முயல்வது ஏன் என்பதுதான் விளங்கவில்லை.

அந்த முயற்சியின் விளைவைப் பள்ளி வருகைப் பதிவேட்டில் காணலாம். எவருக்கும் இல்லாத பெயர் வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியே தேடுகின்றனர். பிறந்த நாண்மீனுக்குரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்கிறார் சோதிடர். பூரம் என்றால் மோ, டா, டீ, டூ. டகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலாகாது என்று படித்த பிள்ளைக்கே டகரத்தில் பெயர்! அடுத்து எண்கணிதர் வருகிறார். அவர் கூட்டிப் பார்ப்பது தமிழ் எழுத்தை அன்று, உரோமன் எழுத்தை. கூட்டுத்தொகை சரிவர ஒரு 'ஏ' மிகுகிறது, ஓர் 'எச்' ஒட்டுகிறது. இவ்வளவும் செய்து முடித்த பிறகு பதிவேட்டை விரித்தால், ஷினி, ஷிகா, ஷன், வின் என்று ஒரே ஓசையில் முடியும் பெயர்கள் பத்தி முழுதும் நிற்கின்றன. ஆசிரியர் முதற்பாதியைச் சொல்லி இடையில் நிறுத்தினால் நால்வர் எழுந்து நிற்பர். ஒருவருக்கும் இல்லாத பெயரைத் தேடிப் போனவர்கள் எல்லாரும் ஒரே கடையில் வாங்கியதைப் போல் ஆயிற்று.

அதனினும் கவலைக்குரியது வேறு. முதலாம் ஆண்டில் சேரும் குழந்தை எழுத விரும்பும் முதற்சொல் அதன் சொந்தப் பெயர்தான். அமுதா என்னும் பெயருடையவள் சில நாளில் எழுதிக் காட்டி மகிழ்வாள். ஹகரமும் க்ஷகரமும் ஸ்ரீயும் கலந்த பெயருடைய குழந்தை, பாட வரிசையில் இறுதியில் வரும் அந்தக் கிரந்த எழுத்துகளுக்காகக் காத்திருக்கிறது. அதற்குள் உரோமன் எழுத்தில் எழுதப் பழகிவிடுகிறது. தமிழ்ப்பள்ளிக்கு வந்த பிள்ளை தன் பெயரைத் தமிழில் எழுதத் தயங்கும் நிலை இப்படித்தான் தொடங்குகிறது. பெயர் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று ஆராய்ந்த பெற்றோர், எந்த எழுத்தில் அது எழுதப்படும் என்று எண்ணிப் பார்த்தாரில்லை.

சிலாங்கூரில் ஒரு குடும்பம். தோட்டம் துண்டாடப்பட்ட பின் நகருக்குக் குடிவந்தவர்கள். முதற்பேத்திக்கு ஹ்ருதிக்ஷா என்று பெயரிட்டனர். பாட்டி ஒருமுறை சொல்லிப் பார்த்தார், நா புரளவில்லை. "இதை நான் எப்படியம்மா கூப்பிடுவேன்?" என்று மருமகளைக் கேட்டார். "பழகிப் போகும், அத்தை. இந்த வட்டாரத்தில் யாருக்கும் இல்லாத பெயர்" என்றாள் அவள். பாட்டிக்குப் பழகவில்லை. "பாப்பா" என்றே கூப்பிட்டார்; குழந்தை ஐந்து வயது வரை தன் பெயர் பாப்பா என்றே சொல்லிவந்தது.

மூன்றாண்டு கழித்து ஆண் பிள்ளை பிறந்தது. இம்முறை பாட்டி, தம் கணவர் பெயரான கண்ணன் என்பதை வைக்க வேண்டும் என்றார். மருமகளுக்கு உடன்பாடு இல்லை. "தெருவுக்கு இரண்டு கண்ணன் இருக்கிறார்களே, அத்தை. கோயிலில் கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்களே" என்றாள். அதற்குப் பாட்டி, "திரும்பட்டுமே. நம்ம பிள்ளை என் குரலுக்குத் தெரிந்து வருவானில்லையா?" என்றார். மகன் இருவருக்கும் நடுவே இரண்டு நாள் வாளாவிருந்தான். மூன்றாம் நாள் பதிவு அலுவலகத்துக்குச் சென்று, படிவத்தில் கண்ணன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். கூட்டுத்தொகை பார்க்கவில்லை.

அந்தப் பையன் முதலாம் ஆண்டில் சேர்ந்தபோது வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள் இருந்தனர். கண்ணன் என்று வேறொருவரும் இல்லை. ககரமும் ணகரமும் னகரமும் கற்ற வாரத்திலேயே தன் பெயரை நோட்டுப் புத்தகத்தின் மேலட்டையில் எழுதி வந்து பாட்டியிடம் காட்டினான். பாட்டி கண்ணாடியைத் தேடி எடுத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். அருகில் இருந்த அக்காள் தன் நோட்டைப் பின்புறம் மறைத்துக்கொண்டாள்.