தரை நெருங்கும் வேளை

வானிலிருந்து குதிப்பவர்களைப் பற்றிக் கேள்விப்படும் எவரும் முதலில் கேட்பது ஒன்றே: "குடை விரியாமற்போனால் என்ன ஆகும்?" நாங்களும் அதையே கேட்டோம். நாங்கள் என்றால் கணவனும் மனைவியுமாகிய நாங்கள் இருவர். நாற்பதை எட்டும் வயதில், கணிப்பொறியின் முன் அமர்ந்து அமர்ந்து ஒடுங்கிப்போன உடம்புகளோடு, 2022-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகருக்கும் டூசான் நகருக்கும் இடைப்பட்ட பாலைநிலத்தில் வான்குதிப்புக் கற்கச் சேர்ந்தோம். முதல் நாள் வகுப்பில் எங்கள் கேள்வியைக் கேட்ட பயிற்சியாளர் புன்னகைத்தார். "அதற்கு விடை உங்கள் முதுகிலேயே இருக்கிறது, முதற்குடை பழுதானால் இரண்டாவது குடை உண்டு. நீங்கள் கேட்க மறந்த கேள்வி வேறு. குடை நன்றாக விரிந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்றார். அந்தக் கேள்வியின் பொருள் எங்களுக்கு முழுமையாக விளங்குவதற்கு ஒரு கணுக்கால் முறிய வேண்டியிருந்தது.

விமானம் 13,000 அடி உயரத்திற்குச் செல்கிறது. கதவருகே நின்று வெளியே பாய்ந்தால், மணிக்கு ஏறத்தாழ 120 மைல் வேகத்தில், ஒரு நிமிட அளவுக்கு விழுகிறோம். உலகம் வியப்பதும் படம் பிடிப்பதும் அந்த ஒரு நிமிடத்தைத்தான். தொடக்க நாட்களில் அந்த நிமிடம் முழுவதும் ஆசிரியர்கள் நம்மைப் பற்றிக்கொண்டே உடன் விழுகிறார்கள். குடை விரிந்ததும் அவர்கள் விலகிப்போய்விடுகிறார்கள். அதன்பின் தரைக்கு வர ஐந்து நிமிடங்கள் ஆகின்றன. அந்த ஐந்து நிமிடங்களும் நாம் தனியே இருக்கிறோம். முதற்சில குதிப்புகளில் மட்டும், உடலோடு கட்டிய சிறு வானொலிக் கருவியில் கீழிருந்து ஒரு குரல் வழிகாட்டும். பின்னர் அதுவும் நின்றுவிடும்.

பழைய வான்குடைகள் இவ்வளவு கற்கும்படி கேட்கவில்லை. 1797-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் கார்னரன் என்பவர் பலூனிலிருந்து குடையில் இறங்கினார். அது கடுமையாக ஊசலாடியதேயன்றி, அவர் விரும்பிய பக்கம் திரும்பவில்லை. காற்று கொண்டுபோன இடத்தில் இறங்கினார். இன்று நாம் பயன்படுத்தும் நீள்சதுரக் குடைக்கு வழி வகுத்தவர் டொமினா ஜால்பர்ட் என்னும் பட்டக் கலைஞர். 1964-ஆம் ஆண்டு அவர் வடிவமைத்த துணிச்சிறகில், முன்புறம் வாய் திறந்த அறைகள் வரிசையாக அமைந்திருந்தன. காற்று அவ்வறைகளை நிரப்ப, தளர்ந்த துணி விறைத்த சிறகாகிறது. அது விழுவதில்லை, பறக்கிறது. சிறகின் பின்விளிம்போடு இணைந்த இரண்டு கைப்பிடிகள் நம் தலைக்கு மேல் இருக்கின்றன. வலப்பிடியை இழுத்தால் வலப்பக்கம் திரும்பும். இடப்பிடியை இழுத்தால் இடப்பக்கம். இரண்டையும் இழுத்தால் வேகம் தணியும். தரைக்குப் பத்துப் பன்னிரண்டு அடி இருக்கையில் இரண்டையும் ஒருசேர நன்றாக இழுக்க வேண்டும். குடை அக்கணம் தன் பாய்ச்சலை அடக்கி, நம்மை மெல்ல நிலத்தில் நிறுத்தும்.

விரும்பிய திசையில் செல்லும் உரிமை கிடைத்தபோதே, விரும்பித் தவறு செய்யும் வாய்ப்பும் மனிதனுக்குக் கிடைத்துவிட்டது போலும். 1991-ஆம் ஆண்டு சிப்ரஸ் என்னும் கருவி வந்தது. குதித்தவர் மயங்கினாலும் மறந்தாலும், குறித்த உயரத்தில் அதுவே மாற்றுக்குடையை விரித்துவிடும். அதனால் பல உயிர்கள் பிழைத்தன. ஆயினும், பழுதின்றி முழுமையாக விரிந்த குடையின் கீழ் பறந்து வந்து, தரை அருகே தவறாகத் திருப்பி இறப்பவர்கள் இருக்கவே செய்கிறார்கள். குடை அவர்களைக் கைவிடவில்லை. தாழ்ந்த உயரத்தில் கேட்கக் கூடாததை அவர்கள் கேட்டார்கள். அது மறுக்காமல் கொடுத்தது.

ஏன் அப்படி நிகழ்கிறது? ஒரு பக்கப் பிடியை வேகமாக இழுக்கும்போது குடை திரும்புவதோடு நிற்பதில்லை. அது மூக்கைத் தாழ்த்திப் பாய்கிறது. கீழே தொங்கும் நாம் ஊஞ்சல்போல் வெளியே வீசப்படுகிறோம். இறங்கும் வேகம் பெருகுகிறது. பிடியை விட்டபின் குடை மீண்டும் தலைக்கு மேல் வந்து நிலைபெறச் சிறிது நேரம் வேண்டும். அந்த நேரத்திற்கு உயரம்தான் விலை. ஆயிரம் அடியில் அவ்விலையைக் கொடுக்க நம்மிடம் பொருள் உண்டு. அறுபது அடியில் இல்லை.

காற்றின் கணக்கும் கற்பிக்கப்பட்டது. எங்கள் பெரிய பயிற்சிக் குடைகள் காற்றினூடே மணிக்கு ஏறத்தாழ 20 மைல் வேகத்தில் முன்செல்பவை. எதிர்க்காற்று 10 மைல் வீசினால் நிலத்தின்மேல் நம் வேகம் 10 மைல். அதே காற்றை முதுகில் வாங்கினால் 30 மைல். ஆகவே காற்றை எதிர்நோக்கி இறங்குவதே முறை. 1,000 அடியில் காற்றோடு ஒரு நேர்வழி, 600 அடியில் குறுக்கே ஒன்று, 300 அடியில் காற்றை நோக்கிக் கடைசி வழி என்று மூன்று பகுதிகளாக இறங்க வேண்டும். மேலே செல்வதற்கு முன்பே எந்த மரத்தின் மேல், எந்தச் சாலையின் மேல் திரும்புவது என்பதை நிலப்படத்தில் விரல் வைத்துக் காட்ட வேண்டும். இவற்றையெல்லாம் நாங்கள் ஒழுங்காகவே ஒப்பித்தோம்.

2023-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை. இருவரும் ஒரே விமானத்தில் சென்றோம். மேற்கிலிருந்து மென்காற்று வீசியது. மேற்கு நோக்கி இறங்குவது என்று முடிவு செய்திருந்தோம். நாங்கள் குடையின் கீழ் இருக்கையிலேயே அக்காற்று ஓய்ந்து, கிழக்கிலிருந்து வேறொன்று எழுந்தது. பாலையில் வெயில் ஏறும்போது இது புதுமையன்று. எங்களில் முதலில் இறங்கியவர் அதை அறியாமல் காற்றை முதுகில் வாங்கி விரைந்து இறங்கினார், நேராக வந்தார், இழுக்க வேண்டிய நேரத்தில் இழுத்தார், மண்ணில் சறுக்கி விழுந்தார். முழங்காலில் ஒரு சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. எழுந்து பார்த்தால், காற்றுத் திசை காட்டும் துணிக்குழாய் எதிர்த்திசையில் நீண்டு நிற்கிறது. பின்னால் வருகிறவரும் அதே தவறான திசையில் வருகிறார். அஞ்சிப்போய், இரு கைகளையும் வீசி, "திரும்பு, திரும்பு" என்று காட்டினார்.

மேலே இருந்தவர் கையசைவையும் துணிக்குழாயையும் ஒரே கணத்தில் கண்டார். உயரம் அறுபது அடி இருக்கலாம். வலப்பிடியை மார்புவரை இழுத்தார். குடை சொன்னபடி செய்தது. பாதி திரும்புவதற்குள் நிலம் வந்துவிட்டது. வலக் கணுக்காலில் இரண்டு எலும்புகள் முறிந்தன. அறுவை செய்து தகடும் திருகாணிகளும் வைத்தார்கள். கோலின்றி நடக்க நான்கு மாதங்கள் ஆயின.

எங்களில் கால் முறிந்தவர் யார், கை காட்டியவர் யார் என்பதை நாங்கள் எழுதப்போவதில்லை. ஒளிப்பதற்காக அன்று. அந்தப் பிழையை இரண்டாகப் பிரித்து, இன்ன பாதி இன்னாருக்கு என்று பங்கிட முயன்ற மாதங்கள் எங்கள் மணவாழ்வில் கசப்பானவையாக இருந்தன. "கை காட்டாமல் இருந்திருக்கலாம்" என்று ஒருவர் சொல்லவில்லை. "காட்டினால் உடனே திருப்ப வேண்டுமா" என்று மற்றவரும் சொல்லவில்லை. சொல்லாத அவ்விரண்டு சொற்களும் உணவு மேசையில் எங்களோடு அமர்ந்திருந்தன. நேராக இறங்கியவருக்கு ஒரு சிராய்ப்பு, திருத்த முயன்றவருக்கு முறிவு என்னும் எளிய உண்மை கண்ணெதிரே இருந்தும், அதை நாங்கள் காணவில்லை. தவறு எதுவென்று தேடாமல், தவறியவர் யார் என்றே தேடினோம்.

எங்களில் ஒருவரின் தந்தை குமரிக் கடற்கரையில் கட்டுமரத்தில் தொழில் செய்தவர், மற்றவருக்கு மாமனார். செய்தி அறிந்து தொலைபேசியில் அழைத்தார். ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்பார் என எதிர்பார்த்திருந்தோம். அவர் நடந்தது முழுவதையும் கேட்டுக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "கரை தெரிஞ்ச பெறவு மரத்தத் திருப்பப்பிடாது மக்களே. அலைக்குக் குறுக்க நின்னா மறிச்சுப்போடும். அலைய முதுகுல வாங்கி நேர வந்திரணும். அடுத்த ஊருக் கரையா இருந்தா என்ன, நடந்து வந்துக்கிடலாம்." கடலோரம் வளர்ந்த எங்கள் இருவருக்கும் அது புதிய செய்தியன்று. ஆழ்கடலில் எத்தனை முறையும் பாயை மாற்றலாம், துடுப்பை மாற்றலாம். அலை உடையும் இடத்தில் மாற்றக் கூடாது. பிறந்த ஊரில் அறிந்திருந்ததை, கடலே இல்லாத பாலைநிலத்தில் மறந்திருந்தோம்.

2024-ஆம் ஆண்டு ஜனவரியில் திரும்பிச் சென்றோம். இம்முறை விழுவதற்காக அன்று, பறப்பதைக் கற்பதற்காக. குடையைச் செலுத்துவதற்கென்றே தனியான பாடம் ஒன்று உண்டு. விமானத்தை விட்டு வெளியேறியவுடன் குடையை விரித்துக்கொண்டு, உயரம் மிகுந்திருக்கையிலேயே அதன் இயல்புகளை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். முதற்பாடமாக, எங்களை வீழ்த்திய அதே திருப்பத்தை 4,000 அடியில் செய்யச் சொன்னார்கள். தொடங்கும்போதும் முடிந்தபின்னும் உயரமானியைப் பார்த்தோம். இழந்த உயரம் அந்த அறுபது அடியைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. ஓராண்டாக எங்களுக்குள் நடந்த வழக்கை அந்தச் சிறு முள் ஒரே கணத்தில் தீர்த்து வைத்தது. அன்று யார் கை காட்டியிருந்தாலும், யார் இழுத்திருந்தாலும், அந்தத் திருப்பத்திற்கு அங்கே இடமிருந்ததில்லை.

அடுத்து, இரு பிடிகளையும் பாதியளவு இழுத்து வைத்துக்கொண்டு, ஒன்றைச் சிறிதே தளர்த்தித் திரும்பக் கற்றோம். குடை பாயாமல், தட்டையாக, குறைந்த உயர இழப்போடு திரும்பியது. வழியில் வேலியோ மரமோ எதிர்ப்பட்டால் விலகுவதற்கு உரிய முறை அது. இறங்குமிடத்தை முன்கூட்டி அறியவும் கற்றோம். நிலத்தில் நாம் எட்ட முடியாத இடங்கள் பார்வையில் மேலே எழும். கடந்துவிடும் இடங்கள் கீழே தாழும். எழாமலும் தாழாமலும் நிற்கும் இடமே நாம் சேருமிடம். எல்லாவற்றுக்கும் முடிவாகப் பயிற்சியாளர் ஒரு வரிசையை மனப்பாடம் செய்யச் சொன்னார்: குடை சாயாமல் நேராக இருத்தல் முதலாவது, தடையற்ற நிலம் இரண்டாவது, இறுதி இழுப்பும், பாதங்களையும் முழங்கால்களையும் ஒட்டி வைத்து உருள்வதும் மூன்றாவது. காற்றை எதிர்நோக்குவது அதன் பின்னரே. நாங்கள் அந்த நான்காவதற்காக முதலாவதைக் கொடுத்திருந்தோம்.

அந்த ஆண்டு நவம்பரில் ஒருநாள், விமானத்திலிருந்து கடைசியாக வெளியேறிய நாங்கள் திடலுக்கு வெகு தொலைவில் குடை விரித்தோம். 3,000 அடியிலேயே திடல் பார்வையில் மேலே எழத் தொடங்கியது; அங்கே போய்ச் சேர முடியாது என்று தெரிந்துவிட்டது. முன்னாளில் கடைசிவரை முயன்று பார்த்திருப்போம். அன்று, மின்கம்பிகள் இல்லாத ஓர் உழவு நிலத்தை, பருத்தி வயலுக்கு அப்பால், உயரத்திலிருக்கையிலேயே தேர்ந்துகொண்டோம். அங்கே துணிக்குழாய் ஏது? நூற்றைம்பது அடியில் இருக்கையில், மண்சாலையில் சென்ற வண்டியின் புழுதி பறந்த திசை காற்றைக் காட்டியது. அது எங்களுக்கு இடப்பக்கத்திலிருந்து வந்தது. கை தானாகவே இடப்பிடியை இழுக்கத் துடித்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். இழுக்கவில்லை. குறுக்குக் காற்றிலேயே நேராக வந்து, உரிய நேரத்தில் இரண்டையும் இழுத்து, கால்களை ஒட்டி, கட்டிகளின் மேல் உருண்டோம். சிறிது தள்ளி மற்றவரும் அவ்வாறே உருண்டு எழுந்தார். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இம்முறை எவரும் கையசைக்கவில்லை.

குடைகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோரமாக நடந்தோம். பருத்தி வெடித்திருந்தது. தகடு வைத்த கால் சற்று மெதுவாக நடந்தது. மற்ற கால்கள் அதற்கேற்ப நடந்தன. மேலே இருக்கையில் திருத்தக்கூடியது எது, கீழே வந்தபின் தாங்கிக்கொள்ள வேண்டியது எது என்பதைப் பற்றி அந்த வழியில் நெடுநேரம் பேசினோம். பேச்சு குடையைப் பற்றியே தொடங்கியது. வெகு விரைவில் எங்கள் வீட்டைப் பற்றியும், ஓராண்டாய்ச் சொல்லாமல் வைத்திருந்த அவ்விரண்டு சொற்களைப் பற்றியும் ஆயிற்று. இப்போது சொன்னோம். எவருக்கும் வலிக்கவில்லை.

அன்றிரவு ஊருக்குத் தொலைபேசியில் பேசினோம். எல்லாவற்றையும் கேட்ட பெரியவர் ஒன்றை மட்டும் கேட்டார்:

"நடந்தா வந்திய?"

"ஆமா, முக்கால் மணி நேரம்."

"நல்லது மக்களே" என்றார்.