அஞ்சு சென்டிமீட்டர்

என் தம்பிக்கு இரண்டாம் நிலைக் காவலர் உடல்தகுதித் தேர்வு. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். இன்னும் மூணு நாள் இருக்கிறது. இந்த மூணு நாளைத் தாண்டுவதுதான் எங்க வீட்டுக்கு இப்போது பெரும்பாடு. ராத்திரி சோறு வைத்தால் பிசைந்து பிசைந்து பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறான். சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், அழைப்புச் சீட்டு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் கிடக்கிறது. எடுத்து எண்ணுகிறான், வைக்கிறான், மறுபடி எண்ணுகிறான். "அக்கா, வவுத்துல என்னமோ உருளுது"ங்கிறான். அம்மா சுக்குத்தண்ணி போட்டுக் கொடுக்கிறாள். இது சுக்குத்தண்ணிக்கு அடங்குகிற உருட்டல் இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

முதலில் உயரமும் மார்பளவும் பார்ப்பார்கள். பிறகு 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். பிந்தினால் அதோடு வீட்டுக்கு வர வேண்டியதுதான். தேறினால் கயிறு ஏறுதல், தாண்டுதல், குறுந்தூர ஓட்டம். கயிற்றில் 5 மீட்டர் ஏற வேண்டும். 6 மீட்டர் ஏறினால் மதிப்பெண் கூடும்.

ஓட்டத்துக்கு அவன் பயப்படவில்லை. விடியக்காலம் நாலு மணிக்கு எங்க தெருப் பையன்கள் ஏழெட்டுப் பேரோடு, டேனிஷ்காரன் கோட்டைக்கு முன்னால் கடற்கரை மணலில் ஓடுகிறான். கால் புதையப் புதைய ஓடியவனுக்குக் கட்டாந்தரை ஒண்ணுமில்லை. அவன் பயமெல்லாம் மார்பளவில் இருக்கிறது. சாதாரணமாக 81 சென்டிமீட்டர்; மூச்சை இழுத்து விரித்தால் இன்னும் 5 கூட வேண்டும். தையல் டேப்பைக் கொடுத்து என்னை அளக்கச் சொல்கிறான். வீட்டில் ஆறு வருகிறது. "அங்க அதிகாரி முன்னாடி நின்னா சுருங்கிடுமோன்னு இருக்குக்கா" என்கிறான்.

இந்தப் பேச்சு என்னை விடவில்லை. எங்க தாத்தா பண்ணையாள். ஆண்டை எதிரே வந்தால் துண்டை இடுப்பில் கட்டி, கையைக் கட்டி, நெஞ்சை ஒடுக்கி ஓரமாக நிற்க வேண்டும். எதிர்த்து நிமிர்ந்தவனுக்குச் சாணிப்பால், சவுக்கடி. 1940களில் பி. சீனிவாசராவும் தோழர்களும் செங்கொடிச் சங்கம் கட்டிப் போராடித்தான் கீழத்தஞ்சையில் அந்தக் கொடுமை ஒழிந்தது. ஆனாலும் தாத்தாவின் உடம்பு அதை மறக்கவில்லை. சாகும்வரை, வெள்ளைச் சட்டை போட்டு யார் வந்தாலும் தோளைக் குறுக்கிக்கொண்டுதான் பேசுவார். நெஞ்சைச் சுருக்கு சுருக்கு என்று தலைமுறை தலைமுறையாக அடித்துப் பழக்கிய சனத்தின் பிள்ளையிடம், இன்றைக்கு அரசாங்கம் 5 சென்டிமீட்டர் விரித்துக் காட்டு என்கிறது. அவன் வயிறு உருளாமல் என்ன செய்யும்?

உயரம் மற்றவர்களுக்கு 170 சென்டிமீட்டர், பட்டியல் சாதிக்கும் பழங்குடிக்கும் 167. தம்பி 168. "ஒங்களுக்கென்னடா, கவர்மெண்டே மூணு சென்டிமீட்டர் வளத்து விட்டுருக்கு" என்று கூடப் படித்த ஊர்த்தெருப் பையன் ஒருவன் சிரித்தானாம். நெல்லை விளைவித்துக் களத்தில் அளந்து கொடுத்துவிட்டு, நண்டும் நத்தையும் பிடித்துத் தின்று அரைவயிறாகக் கிடந்த காலத்தின் பாக்கி அந்த மூணு சென்டிமீட்டர். அதுபோக, அந்த 7 நிமிடத்தில் எங்களுக்கென்று ஒரு விநாடிகூடச் சலுகை கிடையாது. கயிறும் எல்லாருக்கும் ஒரே கயிறுதான்.

அந்தக் கயிறு ஒரே மாதிரிதான் தொங்குகிறது. ஆனால் எங்கே தொங்குகிறது? டவுனில் காசு வாங்குகிற பயிற்சி மையத்தில். ஒரு மாதக் கட்டணம் அப்பாவின் பத்து நாள் கூலி. அப்பா முப்பது வருஷமாக மிராசுதார் தோப்பில் தென்னை ஏறுகிறவர். "மரத்துல காலுக்குப் புடி இருக்கு. இதுல கையி மட்டுந்தாண்டா" என்று சொல்லி, புளியமரக் கிளையில் வடக்கயிற்றைக் கட்டிவிட்டார். தம்பிக்கு உள்ளங்கை உரிந்து காய்த்து, மறுபடி உரிந்திருக்கிறது.

தகுதி இருந்தும் தடுக்கப்பட்ட கதை இந்த ஊருக்குப் புதிதில்லை. தஞ்சை மன்னர் படையில் வீரராயிருந்த ராஜநாயக்கன், பறையர். தரங்கம்பாடி மிஷன் அச்சிட்ட தமிழ் வேதத்தைப் படித்து இங்கே வந்து உபதேசியாரானார். 1733இல் சீர்திருத்தத் திருச்சபையின் முதல் இந்தியக் குருவாகப் பட்டம் பெற்றவர் ஆரோன், வெள்ளாளர். ராஜநாயக்கனுக்கும் அந்தப் பட்டம் கொடுக்கலாமா என்ற பேச்சு வந்தபோது, பறையர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் ஒப்பமாட்டார்கள் என்று விட்டுவிட்டார்கள். கடைசிவரை உபதேசியார்தான். இன்றைக்கு டேப்பும் கடிகாரமும் வந்திருக்கிறது. அந்த மட்டுக்கும் நல்லதுதான்.

ஆனால் அம்மாவின் பயம் வேறே. காக்கிச் சட்டையைக் கண்டால் கொல்லைப்புறமாக ஓடிய சனம் நாங்கள். வெண்மணி எங்களுக்கு எட்டாத தூரம் இல்லை. 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரை குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். மேல்முறையீட்டில் மிராசுதார்கள் விடுதலையானார்கள். 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்கள், போலீஸ் தடியடிக்குத் தப்பித் தாமிரபரணியில் விழுந்தார்கள். 17 பேர் செத்தார்கள். அவர்களும் ஓடியவர்கள்தான். அந்த ஓட்டத்துக்கு யாரும் கடிகாரம் பிடிக்கவில்லை.

நேற்று ராத்திரி அம்மா கேட்டேவிட்டாள். "ஏண்டா, நாளைக்கி நம்ம தெருவுக்கே தடியக் குடுத்து அனுப்புனா என்னா பண்ணுவ?"

தம்பி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "தெரியலம்மா. ஆனா நம்ம சனம் புகார் குடுக்கப் போனா, ஸ்டேசன்ல ஒக்காருங்கன்னு சொல்றதுக்காவது ஒரு ஆளு வேணும்ல."

இந்தப் பதில் போதாது. ஒரு தம்பியால் போலீஸ் நிலையம் மாறிவிடாது. சட்டை அவனை மாற்றவும் கூடும். அதற்காக அவனை ஓடாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்கிற உரிமையும் நமக்கில்லை. அவன் உள்ளே போன பிறகும் அம்மாவின் கேள்வியை விடாமல் கேட்பது நம் வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையும் ஒன்று இருக்கிறது. கூட்டம் போடுகிறோம், துண்டறிக்கை அடிக்கிறோம். அதோடு ஒவ்வொரு சேரியிலும் ஒரு கயிறு, ஒரு மணல்குழி, அளந்து கோடு போட்ட ஓட்டத்தடம் வேண்டும் என்றும் கேட்போம். எங்க தெருப் பையன்கள் மனு எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார்கள். அடுத்த கிராம சபையில் வைக்கப் போகிறோம்.