மண் காத்த கொடி

பேச்சிப்பாறை அணையைக் கடந்து கோதையாற்றுப் பாதையில் நாம் ஏறிச் சென்றது ஆனி மாதத்தில். ஆனியில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை என்று வருஷத்துக்கு இரண்டு முறை நனையும் பாக்கியம் குமரிச் சீமைக்கு உண்டு. நமது குடைக்கு அந்தப் பாக்கியம் ஒத்துக்கொள்ளவில்லை.

வழியில், கிழட்டு ரப்பர் மரங்களை வெட்டிப் புதுக் கன்றுகள் நட்ட இரண்டு சரிவுகளைக் கண்டோம். ஒன்றைப் புல் பூண்டு விடாமல் செதுக்கி, கல்யாண வீட்டு முற்றம்போல் சுத்தமாக வைத்திருந்தார்கள். அந்தச் சுத்தத்தின்மீது மழை அடிக்க, செம்மண் குழம்பாகி ஓடிற்று. கன்றுகளின் வேர்கூட வெளியே தெரிந்தது. 1906-ல் கட்டி முடித்த அணையின் வயிற்றுக்குள்தான் அந்தக் குழம்பு போய்ச் சேரவேண்டும். எத்தனை மண் சேர்கிறதோ அத்தனை ஜலம் நாஞ்சில் நாட்டு வயல்களுக்குக் குறைந்ததுதானே!

மற்றச் சரிவில் மண்ணே கண்ணில் படவில்லை. பியூரேரியா என்னும் பயற்றினக் கொடி ஜமக்காளம் விரித்தாற்போல் படர்ந்திருந்தது. கீழே ஓடையில் வந்த ஜலத்தில் செந்நிறமே இல்லை.

"அடியெல்லாம் இலைக்கு; மண்ணுக்குத் தண்ணி மட்டுந்தான்" என்றார் அங்கே வேலை செய்த பெரியவர். தரையைத் தொடும் கணுக்களில் கொடி வேர் விடுகிறது. காற்றிலுள்ள நைட்ரஜனையும் மண்ணில் சேர்க்கிறது. ரப்பர் வளர்ந்து நிழல் கட்டியதும் தானே இடத்தைக் காலி செய்கிறது. இத்தகைய விருந்தாளி எந்த வீட்டுக்குக் கிடைப்பான்?

பின், பக்கத்துச் சரிவுக்காரர் ஏன் இதை விதைக்கவில்லை என்று கேட்டோம்.

"பாம்பு பதுங்கும்னு பயம்" என்றார் பெரியவர்.

பயம் பொய்யல்ல. கன்றுகளின்மேல் ஏறும் கொடியை அடிக்கடி விலக்கிவிட வேண்டும். கை விடுகிற இடமோ கண்ணுக்குத் தெரியாது. அவர் நம்மோடு பேசியபடியே, நீண்ட கம்பால் இலைகளை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் குனிந்தார்.