இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே

மைசூரு ரயில் நிலையத்தில் இறங்கியவுடன் ஊட்டிக்கு அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்கும் அப்பாவிப் பிரயாணிகளுள் நானும் ஒருவனாக இருந்திருக்கிறேன். தெற்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை நஞ்சன்கூட்டைத் தொட்டுக்கொண்டு சாமராஜநகரோடு நின்றுவிடுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் பாதையோ 1908-இல் உதகையை எட்டிப்பிடித்து அங்கேயே அமர்ந்துவிட்டது. நடுவில் காடும் மலையுமாகக் கிடக்கும் இடைவெளிக்குச் சாலை ஒன்றே கதி. மசினகுடி வழியாகச் சுமார் 125 கிலோமீட்டர்.

புறப்படுமுன் சாமுண்டி மலையடிவாரத்திலுள்ள லலித மகாலைப் பார்த்துவிட்டேன். வைஸ்ராய் வந்தால் தங்குவதற்கென்று நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1921-இல் தொடங்கிய இந்த வெள்ளை மாளிகை, 1974 முதல் ஹோட்டலாக இருந்து வருகிறது. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தை நினைவூட்டும் அதன் கவிகை கம்பீரமானதுதான். ஆயினும் விருந்தாளிக்காகவே கட்டிய வீட்டில் குடியிருந்தவர்களின் வாசனை எப்படி இருக்கும்?

நஞ்சன்கூட்டில் கபிலா நதியின் குறுக்கே நிற்கும் பழைய கற்பாலம் 1735-இல், தளவாய் தேவராஜர் காலத்தில், எழுந்தது. ரயில் என்ற வஸ்துவே உலகில் தோன்றாத நாளில் மாட்டுவண்டிக்கும் குதிரைக்குமாகக் கட்டிய அந்தப் பாலத்தின்மேல் பிற்காலத்தில் ரயிலும் பல்லாண்டு ஓடிற்று என்றால், அந்தக் கொத்தனார்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஸ்ரீகண்டேசுவரரின் க்ஷேத்திரமாகிய அவ்வூர் ரசபாளை வாழைக்கும் பேர்போனது. பஸ் ஜன்னலண்டை வந்து அசல் ரசபாளை என்று சத்தியம் செய்து ஒருத்தி விற்றுப்போன சீப்பு, குண்டலுபேட்டை வருவதற்குள் சாதாரண ஏலக்கிப் பழமாகிவிட்டது.

அதற்கப்பால் பந்திப்பூர்க் காடு. இரவு ஒன்பது மணி முதல் காலை ஆறு மணி வரை இங்கே வாகனங்களுக்குப் பொதுவாக அனுமதியில்லை. பகலெல்லாம் நாம் மிருகங்களின் வீட்டு முற்றத்தில் ஓடிவிட்டு, ராத்திரியாவது அவற்றை நிம்மதியாக விட்டுவைப்பது நியாயமே. எல்லை கடந்து தெப்பக்காட்டில் இடப்பக்கம் திரும்பி, மாயாற்றுப் பாலத்தையும் யானை முகாமையும் தாண்டினால் மசினகுடி; அப்புறம் கல்லட்டியின் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள். சிற்றுந்து முதல் கியரில் முனகிக்கொண்டு ஏற ஏற, காது அடைத்து, காற்றில் உஷ்ணம் கழன்று, யூக்கலிப்டஸ் வாசனை உள்ளே புகுந்தது. என் பக்கத்து அம்மாள் மைசூரிலிருந்தே மடியில் காத்து வந்த எலுமிச்சம்பழத்தை இப்போதுதான் மூக்கருகே கொண்டுபோனார். பதினைந்தாவது வளைவில் கேளாமலே எனக்கும் கொடுத்தார்.

மைசூர் மன்னர்கள் வெயிலுக்கு அஞ்சி வந்து தங்கிய பெர்ன்ஹில் மாளிகை உதகையில் இருக்கிறது. இதுவும் பிற்காலத்தில் ஹோட்டலாயிற்று. ஆனால் இங்கே அரசர்கள் கோடைதோறும் குடும்பத்தோடு வாழ்ந்திருக்கிறார்கள். லலித மகாலைவிட எனக்கு இதன்மேல்தான் பிரியம்.

பஸ் நிலையத்துக்கு அருகிலேயே ரயில் நிலையம். நீலமும் வெண்மஞ்சளுமான சின்னஞ்சிறு பெட்டிகள் அங்கே நின்றிருந்தன. மேட்டுப்பாளையம் வரை 46 கிலோமீட்டர். அதில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே எஞ்சினின் பற்சக்கரம் தண்டவாளங்களுக்கு நடுவேயுள்ள பல்வரிசையைக் கவ்விக்கொண்டுதான் ஏறவும் இறங்கவும் வேண்டும். 2005-இல் யுனெஸ்கோ இப்பாதைக்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற அந்தஸ்தை அளித்தது.

ஏரியைப் பார்க்க வேண்டும் என்ற ஆவலோடுதான் வந்திருந்தேன். கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1823 முதல் 1825 வரை ஓடைகளை மறித்து உண்டாக்கிய அந்த நீர்ப்பரப்பு, குதிரைப் பந்தய மைதானத்துக்கும் பஸ் நிலையத்துக்கும் இடம் கொடுத்துச் சுருங்கிச் சுருங்கி இன்று 65 ஏக்கராக நிற்கிறது. என் பெட்டியைக் கீழே இறக்கிய கூலியாளிடம், "ஏரி இங்கிருந்து எவ்வளவு தூரமப்பா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் நடக்கணுமுங்க," என்றார் அவர், பழைய ஏரியின் நடுவே நின்றுகொண்டு.