ரீச்சர் வீட்டுப் படலை

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வீடு திரும்பிய கையோடு லண்டனிலிருந்து என் பெறாமகள் தொலைபேசியில் அழைத்தாள். அண்ணரின் மூத்த மகள். அவளுக்குப் பத்து மாதக் குழந்தை. மகப்பேற்று விடுமுறை முடியப்போகிறது. குழந்தையைப் பகலில் யாரிடமாவது விட்டுவிட்டு வேலைக்குப் போயாக வேண்டும். நேசரிகள் கேட்கும் கட்டணம் கட்டுப்படியாகவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு தமிழ்ப் பெண் தன் வீட்டிலேயே பிள்ளைகளைப் பராமரிக்கிறாராம். போய்ப் பார்த்திருக்கிறாள், பிடித்தும் இருக்கிறது.

“அப்பிடியெண்டா என்ன பிரச்சினை, பிள்ளை?” என்றேன்.

சற்றுத் தயங்கினாள். “இல்லை சித்தப்பா, அவவைப் பற்றிச் சனம் ஒரு மாதிரிக் கதைக்குது. மனுசன் விட்டிட்டுப் போயிற்றாராம். இப்ப வேறை ஆரோ வந்து போறதாம். நீங்கள் நாலு இடத்திலை விசாரிச்சுப் பழகின ஆள். ஊரிலை அவவின்ரை குடும்பம் எப்பிடியெண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுவீங்களோ?”

விசாரிப்பது என் தொழில்தான். முப்பது வருடங்களுக்கு மேலாக அதைத்தான் செய்து வருகிறேன். ஆயினும் அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு நாள் தவணை கேட்டுத் தொலைபேசியை வைத்தேன். இதே கேள்வியை முன்பொருமுறை ஓர் ஊரே என்னிடம் கேட்டது. அதுபற்றி நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை.

2011 ஆம் ஆண்டு. மன்னார்த் தீவில், நகருக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட கரையோரக் கிராமம் ஒன்றில் அப்போது குடியிருந்தோம். ஊரின் பெயர் வேண்டாம். அங்குள்ளவர்கள் இன்றும் என் நண்பர்கள். மனைவிக்கு நகரில் அரச வேலை. நான் கொழும்புப் பத்திரிகை ஒன்றின் மன்னார்ச் செய்தியாளன். நான்கு வயது மகன் ஊர் முன்பள்ளிக்குப் போய்வந்தான். ஓலைக் கூரை, அரைச் சுவர், கடல் மணல் முற்றம், முற்றத்தின் மூலையில் கட்டு இடிந்த ஒரு கிணறு. கிராமத்துச் சங்கமொன்றுதான் அதனை நடத்தியது. இருபத்தாறு பிள்ளைகள், பிள்ளை ஒன்றுக்கு மாதம் 200 ரூபா. கடல் பிழைத்த மாதங்களில் அதுவும் வராது. வந்த பணத்தில்தான் ரீச்சரின் சீவியம் நடந்தது.

ரீச்சர் வன்னியிலிருந்து வந்தவர். முப்பது வயதுகூட இராது. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலிருந்து 2010 இல் வெளியே வந்து, தன் பெரியம்மாவின் வளவில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு, சிறிய மகளோடு இருந்தார். கணவர் 2009 மே மாதம் வட்டுவாகலில் படையினரிடம் சரணடைந்ததைக் கண்ணால் கண்டவர். அதற்குப் பிறகு கணவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தாலியை அவர் கழற்றவில்லை.

பிள்ளைகளிடம் அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. என் மகனுக்கு இழுப்பு இருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். “ஓடி விளையாடேக்கை நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான் அண்ணை. மழைக்கு முதல் ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுங்கோ” என்றார். பெற்ற எங்கள் இருவருக்கும் தெரியாதிருந்த விடயம் அது. கிணற்றுக்குக் கட்டுக் கட்டித் தரும்படி சங்கத்திடம் அவர் மூன்று தடவை கேட்டிருந்தார் என்பதும் எனக்குத் தெரியும். காசு இல்லை என்று மூன்று தடவையும் பதில் வந்தது.

அவ்வாண்டு நடுப்பகுதியில் ஒரு பெட்டிசம் உலாவத் தொடங்கிற்று. முகவரி சங்கத் தலைவருக்கு. பிரதிகள் பங்குத்தந்தைக்கும் கிராம அலுவலருக்கும் எனக்கும். பத்தொன்பது கையெழுத்துகள். இரவு நேரங்களில் மோட்டார் சைக்கிளில் ஆண்கள் ரீச்சர் வீட்டுக்கு வந்து போகிறார்கள். ஒரு தடவை பத்து மணிக்குப் பின்னரும் வந்தார்கள். புருசன் இருக்கிறானா இல்லையா என்பதே தெரியாத பெண் இப்படி நடந்தால் அவரிடம் படிக்கும் பிள்ளைகள் என்னத்தைப் பழகும்? இதுதான் அதன் சாரம். “நீங்கள் பத்திரிகைக்காரர், விசாரிச்சு உண்மையை எழுதுங்கோ” என்று கையெழுத்திட்ட ஒருவர் என் வீட்டுக்கே வந்து கேட்டார்.

ஒரு மாலை ரீச்சரின் படலையடியில் போய் நின்றேன். சுற்றி வளைத்துத்தான் கேட்டேன். அவர் என்னை நேராகப் பார்த்தார்.

“அவையள் ஆரெண்டு உங்களுக்குத் தெரியாதோ அண்ணை? என்ரை வாயாலை நான் சொல்லேலாது. நீங்கள் சொல்லுங்கோவன்.”

எனக்குத் தெரிந்திருந்தது. இலக்கத் தகடு இல்லாத அதே மோட்டார் சைக்கிள் என் வீட்டு வாசலிலும் இருமுறை நின்றிருக்கிறது. அதே இருவர் என்னிடமும் தேநீர் குடித்துக்கொண்டே, யாரைச் சந்தித்தேன், எதை எழுதப்போகிறேன் என்று விசாரித்திருக்கிறார்கள். சரணடைந்தவரின் மனைவியிடம் அவர்கள் என்ன கேட்டிருப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய புலமை வேண்டியதில்லை. ஊர் கண்டது ஒரு பெண்ணின் ஒழுக்கக்கேட்டை. உண்மையில் அங்கே நடந்துகொண்டிருந்தது புலனாய்வு விசாரணை. அவருக்குத் தனிப்பட்ட வாழ்க்கை என்று ஒன்று மிஞ்சியிருக்கவில்லை. அதைத்தான் ஊர் கெட்டுப்போனதென்று பேசியது.

அவ்வாண்டு ஜனவரியில்தான் எமது ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவின் முன்னிலையில், அரச புள்ளிவிபரங்களை வைத்தே கணக்கிட்டு, 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டிருந்தார். அந்த எண்ணை நான் செய்தியாக எழுதினேன். எழுதியதில் எனக்குப் பெருமையும் இருந்தது. அதே ஆண்டில், கணவரைப் பற்றித் தகவலில்லாத ஒரு பெண்ணை ஊர் கூடி நியாயம் விசாரித்தபோது நான் பின்வரிசையில் அமர்ந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்துபோனவர்கள் யார் என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தை மறுநாள் யார் யார் அறிவார்கள் என்ற பயம் என் வாயைக் கட்டிவிட்டது. பெட்டிசத்தில் என் கையெழுத்து இல்லை. அதை ஒரு பெருமையாகச் சொல்ல என்னால் முடியாது.

ரீச்சர் அடுத்த வாரமே திறப்பைச் சங்கத்தில் ஒப்படைத்துவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு வன்னிக்குத் திரும்பிப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக ஊர்ப் பிள்ளையொருத்தி வந்தாள். பத்தொன்பது வயது, பயிற்சி எதுவும் இல்லை. ஆனால் தாய் தகப்பனோடு இருப்பவள், மாலை ஆறு மணிக்குப் பின் அவள் வீட்டுப் படலையை யாரும் தட்டுவதில்லை. பெற்றோர் நிம்மதியடைந்தனர். மாரி தொடங்கிய பின் ஒரு நாள், நாலு வயதுப் பிள்ளையொன்று பந்துக்குப் பின்னால் ஓடி அந்தக் கிணற்றில் விழுந்தது. வேலிக்கு அப்பால் வலை சரிபார்த்துக்கொண்டிருந்த ஒருவர் பாய்ந்து தூக்கியெடுத்ததால் பிள்ளை தப்பியது. அடுத்த கிழமையே கிணற்றுக்குக் கட்டு வந்துவிட்டது. காசு எங்கிருந்தோ கிடைத்தது.

பிள்ளையை ஒருவர் கையில் ஒப்படைக்கும் பெற்றோருக்கு அச்சம் இருப்பதை நான் குறை சொல்லவில்லை. அச்சப்படாமல் இருப்பதற்குக் காலமும் நல்லதாயில்லை. 2025 ஜூலையில் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் சிறுவர் பராமரிப்பு நிலையங்களில் பணியாற்றிய ஓர் இளைஞர் மீது எழுபதுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. ஏறக்குறைய 1,200 பிள்ளைகளை மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்துமாறு பெற்றோருக்கு அறிவுறுத்தப்பட்டது. பிள்ளைகளோடு பணியாற்றுவதற்கான சட்டபூர்வ அனுமதி அவரிடம் இருந்தது. அயலவர் எவரும் அவரைப் பற்றி ஒரு மாதிரிக் கதைத்ததாகவும் நான் வாசிக்கவில்லை. ஊர்வாய் எச்சரிக்கும் ஆளும் பிள்ளைக்கு ஆபத்தான ஆளும் ஒருவராகவே இருப்பார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

எனவே, எதை விசாரிப்பது நியாயம், எது வெறும் வம்பு என்று எப்படிப் பிரிப்பது? பெறாமகளுக்குப் பதில் சொல்வதற்காக அவள் வாழும் நாட்டின் விதிகளைத் தேடி வாசித்தேன். அங்கேயும் இந்தக் குழப்பத்தில் ஒருமுறை விழுந்து எழும்பியிருக்கிறார்கள். குறிப்பிட்ட குற்றங்கள் புரிந்த ஒருவரோடு ஒரே வீட்டில் வசிப்பவர், தான் எக்குற்றமும் செய்யாதவராயினும், சிறு பிள்ளைகளைப் பராமரிக்கத் தகுதியற்றவர் என்று இங்கிலாந்தில் ஒரு விதி இருந்தது. 2014 ஒக்டோபரில் கல்வித் திணைக்களம் வெளியிட்ட வழிகாட்டலையடுத்து பாடசாலைகள் அதைத் தீவிரமாக நடைமுறைப்படுத்த, கணவனோ மகனோ செய்த குற்றத்துக்காகப் பணியாளர்கள் இடைநிறுத்தப்பட்டார்கள். எதிர்ப்பு வலுத்தது. 2018 ஆகஸ்ட் 31 முதல் பாடசாலைகளிலும் நேசரிகளிலும் பணியாற்றுவோருக்கு அந்த விதி நீக்கப்பட்டது. தம் வீட்டிலேயே பிள்ளைகளைப் பராமரிப்போருக்கு மட்டும் அது தொடர்கிறது.

அந்தப் பிரிப்பில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. பராமரிப்பவரின் வீட்டுக்குள்ளேயே பிள்ளை இருக்குமாயின், அந்த வீட்டில் இருப்பவர் யார் என்பது பிள்ளையின் பாதுகாப்போடு சம்பந்தப்பட்ட விடயம். அதனால்தான் அங்கு வீட்டில் வசிக்கும் 16 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவரின் குற்றப் பின்னணியையும் சோதிக்கிறார்கள். பிள்ளையை மத்தியானம் ஒப்படைத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போகும் ஒருத்தி, அங்கே தனித்து வாழ்கிறாளா, மறுமணம் செய்கிறாளா, தாலியை வைத்திருக்கிறாளா கழற்றிவிட்டாளா என்பதெல்லாம் அவளுடைய விடயம். என் வீட்டைப் பற்றி என் பத்திரிகை ஆசிரியர் கேட்பதில்லை. பிள்ளை பராமரிக்கும் பெண்ணிடம் மட்டும் அதைக் கேட்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது? 200 ரூபாவிலிருந்தா?

எங்கள் பகுதியில் அக்கேள்வி இன்னும் கூர்மையானது. கணவர் இறந்தார் என்ற சான்றிதழும் இன்றி, இருக்கிறார் என்ற சேதியும் இன்றி வாழும் பெண்ணைச் சட்டம் என்னவென்று அழைப்பது? 2010 இல் வந்த சட்டம், காணாமற்போனவரை இறந்தவராகப் பதியச் சொன்னது. பல பெண்கள் அதற்கு உடன்படவில்லை. இறந்தாரென்று பதியாமலே, அவரைக் காணவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு 2016 இல்தான் சட்டம் இடமளித்தது. சட்டத்துக்கே ஒரு சொல் கண்டுபிடிக்க இத்தனை வருடம் எடுத்த நிலையை, பெட்டிசம் எழுதியவர்கள் ஒரே வசனத்தில் தீர்த்துவிட்டார்கள்.

2018 இல் மன்னார் நகரில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் நடத்திய கவனயீர்ப்பு ஒன்றுக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். கணவரின் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி ரீச்சர் நின்றார். என்னைக் கண்டதும் சிரித்தார். எனக்குத்தான் முகம் கொடுக்க முடியவில்லை.

“தம்பி இப்ப பெரிய ஆளாகியிருப்பான் என்ன? மழைக்கு இப்பவும் இழுக்குதோ?” என்று கேட்டார்.

ஏழு வருடம் கழித்தும் அவர் நினைவில் இருந்தது என் மகனின் நெஞ்சுதான். அன்று நான் மௌனமாக இருந்ததைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. நானாகச் சொல்லத் தொடங்கியபோது, “விடுங்கோ அண்ணை, உங்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கு” என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாயிருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்துப் பெறாமகளை அழைத்தேன். ஊரில் நான் எதையும் விசாரிக்கவில்லை என்றேன். அந்தப் பெண் முறைப்படி பதிவு செய்திருக்கிறாரா என்று பார். அவரைப் பற்றிய பரிசோதனை அறிக்கையை எடுத்து வாசி. வீட்டில் வசிப்பவர்கள் யார், அவர்கள் சோதிக்கப்பட்டவர்களா என்று நேரில் கேள், அது உன் உரிமை. எத்தனை பிள்ளைகளை ஒரே நேரத்தில் பார்க்கிறார், முதலுதவி தெரியுமா, குழந்தை தூங்கும் இடம் எது என்று கேள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் முன்கூட்டியே போய்க் குழந்தையைத் தூக்கு, அப்போது பிள்ளைகளின் முகங்களைப் பார். இங்கே என் வாசகர்களுக்கும் அதையே சொல்வேன். பிள்ளைக்குத் தீங்கு என்று நியாயமான சந்தேகம் எழுந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அது பெட்டிசம் எழுதுவதைவிடச் சுலபம்.

“அப்ப அந்தக் கதையள், சித்தப்பா?” என்றாள்.

“வந்து போறவர் ஆரெண்டு தெரியவேணுமெண்டா, மரியாதையா அவவிட்டையே கேள். சொல்லாட்டில் வேறை ஆளைப் பார். ஆனா கதைக்கிற சனத்திட்டைக் கேளாதை” என்றேன்.

மகனுக்கு இப்போது பதினெட்டு வயது. மழைக்கு இழுப்பதில்லை. ரீச்சரின் பெயர்கூட அவனுக்கு நினைவில்லை. எனக்கு நினைவிருக்கிறது, அன்று கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டிய அந்த ஒரு வாக்கியமும் நினைவிருக்கிறது. பதினான்கு வருடம் பிந்தி இங்கே எழுதிவிட்டேன்.